கோர்ட் ரூமுக்குப் பூட்டு, க்யூல 80 ஆயிரம் கேஸ்: இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு வருஷா வருஷம் பணம் எப்படி முடிவாகுது

2025 மார்ச்ல பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு, அடுத்த நிதியாண்டுல பெரிய கிரிமினல் கேஸ் பார்க்கற கிரவுன் கோர்ட்டுகளுக்கு 1,10,000 சிட்டிங் டே, அதாவது நீதிபதி உட்கார்ந்து கேஸ் கேக்கற நாள், கோர்ட் ட்ரிப்யூனல் எல்லாத்துக்கும் சேர்த்து சுமார் 2.5 பில்லியன் பவுண்ட், இது சாதனைன்னு. நீதிபதிகள் தரப்போ எங்களால 1,13,000 நாள் உட்கார முடியும், குடுக்க மாட்டேங்கறாங்கன்னு சொன்னாங்க. வக்கீல்கள் இன்னொரு பக்கம் காலியா பூட்டிக் கிடக்கற கோர்ட் ரூம் வாசல்ல நின்னு போட்டோ போட்டாங்க. இதுல யார் சொல்றது பொய்னு நிறைய பேர் கேட்டாங்க. யாருமே பொய் சொல்லல, மூணும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும், அது எப்படின்னு புரியணும்னா அங்க கோர்ட்டுக்குப் பணம் எப்படிப் போகுதுன்னு அடியிலேர்ந்து பார்க்கணும்.

முதல்ல ஆட்கள் யாருன்னு பார்த்துடலாம்

இங்க பேசறது இங்கிலாந்து, வேல்ஸ் பத்தி மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி ஏற்பாடு, லண்டன்ல இருக்கற சுப்ரீம் கோர்ட்டுக்கும் தனி பட்ஜெட்.

1. எச்எம்சிடிஎஸ் (ஹிஸ் மெஜஸ்டிஸ் கோர்ட்ஸ் அண்ட் ட்ரிப்யூனல்ஸ் சர்வீஸ்). கோர்ட் கட்டடம், கிளார்க், கம்ப்யூட்டர், ஹியரிங் லிஸ்ட், எல்லாத்தையும் நடத்தற நிர்வாக அமைப்பு. முன்னாடி கோர்ட்டுக்கு ஒண்ணு, ட்ரிப்யூனலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தனித்தனி அமைப்பு இருந்துச்சு, 2011 ஏப்ரல்ல ஒண்ணாக்கிட்டாங்க. நீதி அமைச்சகத்துக்குக் கீழ வரும், ஆனா அமைச்சகம் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது, நீதிபதிகளோட கூட்டுப் பொறுப்புன்னு எழுதி வெச்சிருக்காங்க, போர்டுலயும் நீதிபதிகள் உட்கார்ந்திருக்காங்க.

2. லார்ட் சான்சலர். பேரு பழசு, வேலை இன்னைக்கு நீதித்துறை அமைச்சர். பதவி ஏற்கும்போது மத்த அமைச்சர்களுக்கு இல்லாத ஒரு தனி உறுதிமொழி இவருக்கு உண்டு: கோர்ட்டுகள் சரியா திறமையா நடக்கத் தேவையான வளத்தை உறுதி செய்வேன்னு. இது 2005 அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டத்துல 17வது பிரிவுல இருக்கு.

3. லேடி சீஃப் ஜஸ்டிஸ். நீதிபதிகளுக்கெல்லாம் தலைவர். இப்ப சூ கார், 2023 அக்டோபர்ல வந்தாங்க, அந்த நாற்காலில உட்கார்ந்த முதல் பெண்.

4. ட்ரிப்யூனல்களோட சீனியர் பிரசிடென்ட். அகதி அப்பீல், ஊனமுற்றோர் உதவித்தொகை அப்பீல், வேலை தகராறு மாதிரி கேஸ் பார்க்கற ட்ரிப்யூனல் நீதிபதிகளுக்குத் தலைவர்.

ஒரு சின்ன கணக்கு. 2010 மே லேர்ந்து 2025 கடைசி வரைக்கும் லார்ட் சான்சலர் பதவில 12 பேர் உட்கார்ந்திருக்காங்க, டொமினிக் ராப் மட்டும் ரெண்டு தடவை. அதே காலத்துல சீஃப் ஜஸ்டிஸ் நாலே பேர். பேரம் பேசற மேஜைல ஒரு பக்கம் ஆள் மாறிட்டே இருக்கு, இன்னொரு பக்கத்துக்குப் போன வருஷம் என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கு. ஆனா பணப்பை ஆள் மாறிட்டே இருக்கற பக்கம்தான் இருக்கு.

பணம் எந்த வழியா வருது

1. சில வருஷங்களுக்கு ஒரு தடவை கருவூலம் எல்லா அமைச்சகத்துக்கும் சேர்த்து ஸ்பெண்டிங் ரிவ்யூ நடத்தும், நீதி அமைச்சகத்துக்கு இவ்வளவுன்னு ஒரு வரம்பு போட்டுடும். 2010-க்கு அப்புறம் சிக்கன காலத்துல மருத்துவம், ஸ்கூல், வெளிநாட்டு உதவி இதுக்கெல்லாம் பாதுகாப்பு இருந்துச்சு, நீதிக்கு இல்ல. வெட்டு இங்க ஆழமா விழுந்துச்சு.

2. அந்த வரம்புக்குள்ள அமைச்சகம் சிறை, புரொபேஷன் (குற்றவாளிகளை சிறைக்கு வெளிய கண்காணிக்கறது), லீகல் எய்டு (வசதி இல்லாதவங்களுக்கு அரசு செலவுல வக்கீல்), கோர்ட்னு நாலா பிரிக்கும். சிறை நிரம்பி வழிஞ்சா அந்தப் பணம் முதல்ல போயே ஆகணும், கைதியை ரோட்ல நிறுத்த முடியாதே. கோர்ட் கேஸை ஒத்திப் போடலாம். அதனால கோர்ட்தான் எப்பவும் கடைசில சாப்பிடறது.

3. நடப்புச் செலவு வேற, கட்டடம் மாதிரி மூலதனச் செலவு வேற, ஒரு பைலேர்ந்து இன்னொரு பைக்கு இஷ்டத்துக்கு மாத்த முடியாது. கூரை ஒழுகுதுன்னா அதுக்குத் தனிப் பணம் வேணும். 2025-26-ல கட்டட வேலைக்கு சுமார் 148 மில்லியன் பவுண்ட், அதுக்கு முந்தின வருஷம் 120.

4. இதெல்லாம் எஸ்டிமேட்ஸ்னு பார்லிமென்ட் முன்னாடி வரும், அங்க கிட்டத்தட்ட விவாதமே இல்லாம பாஸ் ஆகிடும். ஹை கோர்ட்டும் அதுக்கு மேலயும் இருக்கற நீதிபதிகளோட சம்பளம் மட்டும் வருஷாந்திர ஓட்டுக்கே வராது, கன்சாலிடேட்டட் ஃபண்ட்னு சொல்ற அரசோட பொதுக் கஜானாலேர்ந்து நேரா போகும், அரசாங்கத்துக்குப் பிடிக்காத தீர்ப்பு குடுத்தார்னு சம்பளத்துல கை வைக்கக் கூடாதுங்கறதுக்காக. நம்ம ஊர்ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி சம்பளம் ஓட்டெடுப்புக்கு வராம இருக்கறதும் இதே யோசனைதான்.

ஆக நீதிபதியோட சம்பளம் பத்திரம். அவர் உட்கார்ந்து கேஸ் கேக்கறதுக்கான பணம் பத்திரம் இல்ல. பிரச்சினையே இங்கதான்.

சிட்டிங் டே: உண்மையான கரன்சி

ஒரு நீதிபதி, ஒரு கோர்ட் ரூம், ஒரு நாள். அதான் ஒரு சிட்டிங் டே. 1,10,000 நாளை வருஷத்துக்கு சுமார் 250 வேலை நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 440 கோர்ட் ரூம் ஓடுதுன்னு வருது, இங்கிலாந்து வேல்ஸ் முழுக்க கிரவுன் கோர்ட்டுக்கு அவ்வளவுதான். கிரவுன் கோர்ட்னா கொலை, பாலியல் வன்முறை, கொள்ளை மாதிரி பெரிய கிரிமினல் கேஸ், ஜூரி உட்காரும். 90 சதவீதத்துக்கு மேல கிரிமினல் கேஸ் கீழ மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே முடிஞ்சுடும், மிச்சம்தான் இங்க வருது, ஆனா நேரம் தின்றது இதுதான்.

ஒரு நாளுக்கு என்ன செலவாகுதுன்னு கொஞ்சம் கிட்ட போய்ப் பாருங்க. முழுநேர நீதிபதிக்கு எப்படியும் சம்பளம் போகுது. கட்டடம் எப்படியும் நிக்குது. அதுக்கு மேல ஒரு நாள் கூட்டணும்னா ரெக்கார்டர்னு சொல்ற பகுதிநேர நீதிபதியைக் கூப்பிடணும், இவங்க பெரும்பாலும் பிராக்டிஸ் பண்ற சீனியர் வக்கீல்கள், நாள் கணக்குல ஃபீஸ். அப்புறம் கோர்ட் கிளார்க், அஷர், ஜூரிக்குப் படி. அவ்வளவுதான் எச்எம்சிடிஎஸ் கணக்குல விழற கூடுதல் செலவு. அதனால வருஷ நடுவுல பணம் இறுகினா முதல்ல வெட்டு விழறது ரெக்கார்டருக்கு. 2024-ல இதேதான் நடந்துச்சு, ஒதுக்கின நாள் சீக்கிரமே தீர்ந்து போற மாதிரி இருக்குன்னு ஏற்கனவே புக் பண்ணின ரெக்கார்டர்களை வராதீங்கன்னு சொன்னாங்க. மண்டபத்துக்கு வாடகை கட்டியாச்சு, ஜனங்களும் பந்திக்கு வந்து நிக்கறாங்க, சமையல்காரரை மட்டும் வேண்டாம்னு அனுப்பின கதை. காலி கோர்ட் ரூம் போட்டோ எல்லாம் இந்த வகைதான். ரூம் இருக்கு, சில சமயம் நீதிபதியும் இருக்கார், அன்னைக்கு அந்த ரூமுக்கு "நாள்" இல்ல.

கான்கார்டாட்: வருஷாந்திர பேரம்

முன்னாடியெல்லாம் லார்ட் சான்சலரே அமைச்சரும், நீதிபதிகளுக்குத் தலைவரும். அதைப் பிரிக்கணும்னு டோனி பிளேர் அரசாங்கம் முடிவு பண்ணினப்போ, 2004 ஜனவரில லார்ட் ஃபால்கனரும் அப்போதைய சீஃப் ஜஸ்டிஸ் லார்ட் வுல்ஃபும் யாருக்கு எந்த வேலைன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்குப் பேரு கான்கார்டாட். 2005 சட்டம் அதை உறுதியாக்குச்சு, 2006 ஏப்ரல் லேர்ந்து நீதிபதிகள் தலைமை சீஃப் ஜஸ்டிஸ்கிட்ட போச்சு. 2007-ல திடீர்னு நீதி அமைச்சகம்னு புதுசா ஒண்ணு உருவாக்கி சிறையையும் கோர்ட்டையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தப்போ நீதிபதிகள் கடுப்பாகிட்டாங்க, சிறைச் செலவு கோர்ட் பணத்தை முழுங்கிடும்னு. அவங்க பயந்தது நியாயம்னுதான் அதுக்கப்புறம் நடந்தது காட்டுது. அந்தச் சண்டைலேர்ந்து பிறந்ததுதான் இப்ப இருக்கற கூட்டு நிர்வாக ஏற்பாடு, வருஷாந்திர பேரத்தையும் அதே பழைய பேர்லயே கான்கார்டாட்னு கூப்பிடறாங்க.

பேரம் எப்படி நடக்குதுன்னா:

1. எச்எம்சிடிஎஸ் அதிகாரிகள் அடுத்த வருஷம் எத்தனை கேஸ் வரும்னு கணிப்பாங்க. போலீஸ் எவ்வளவு சார்ஜ் பண்றாங்க, எத்தனை பேர் குற்றத்தை ஒத்துக்கறாங்க, ஒரு ட்ரையல் எத்தனை நாள் இழுக்குது, இதெல்லாம் வெச்சு.

2. நீதிபதிகள் தரப்புல எங்க ஆள் பலத்துக்கு இத்தனை நாள் உட்கார முடியும்னு சொல்வாங்க.

3. அமைச்சகம் பணம் இவ்வளவுதான்னு சொல்லும். கிரவுன், சிவில், ஃபேமிலி, ஒவ்வொரு ட்ரிப்யூனல்னு தனித்தனியா நாள் பிரிக்கணும், இங்க ஒண்ணு கூடினா அங்க ஒண்ணு குறையும்.

4. அமைச்சர், சீஃப் ஜஸ்டிஸ், சீனியர் பிரசிடென்ட் மூணு பேரும் பேசி முடிவு பண்ணுவாங்க.

5. ஒத்து வரலைன்னா? சீஃப் ஜஸ்டிஸ் தன் கவலையை எழுதிக் குடுக்கலாம், 2005 சட்டம் 5வது பிரிவுப்படி பார்லிமென்ட்டுக்கே நேரா எழுதலாம். அவ்வளவுதான் ஆயுதம். பணத்தை எடுத்துக்கவோ ஒதுக்கீட்டை மாத்தவோ அதிகாரம் கிடையாது. கடைசிச் சொல் அமைச்சரோடது.

ஒப்பந்தம்னு பேரு இருந்தாலும் ரெண்டு பக்கமும் சம பலம் இல்ல. நீதிபதிகள் ஸ்ட்ரைக் பண்ண முடியாது, பத்திரிகைல அமைச்சரைத் திட்ட முடியாது, கமிட்டில கேள்வி கேட்டா நாசூக்கா பதில் சொல்லலாம். சூ கார் பார்லிமென்ட் நீதிக் கமிட்டி முன்னாடி போய் நம்பரோட பேசினது இவ்வளவு பெரிய செய்தியானதுக்குக் காரணம் அதான்.

இன்னொரு குறை காலண்டர். நிதியாண்டு ஏப்ரல் 1-க்குத் தொடங்குது, நம்பர் மார்ச்ல வந்தா கேஸுக்குத் தேதி போடற லிஸ்டிங் ஆபீசர் எப்படி செப்டம்பர் ட்ரையலுக்கு ரூம் போடறது? பல கேஸ் சார்ஜ் லேர்ந்து தீர்ப்பு வரைக்கும் ரெண்டு மூணு வருஷம் இழுக்குது, சில கோர்ட்டுகள்ல ட்ரையல் தேதியே 2028, 2029-ன்னு குடுக்கறாங்க, அதை நடத்தறதுக்கான பணம் மட்டும் ஒவ்வொரு வருஷமா.

நம்பர்களோட கதை

2018-19-ல கிரவுன் கோர்ட்டுக்கு ஒதுக்கினது 97,000 நாளுக்குக் கொஞ்சம் மேல. கேஸ் வரத்து குறையுதுன்னு சொல்லி 2019-20-ல அதை 82,000 சொச்சமாக்கிட்டாங்க, 15 சதவீத வெட்டு. அப்ப காத்திருந்த கேஸ் 40,000-க்குக் கீழ. அடுத்து கோவிட் வந்துச்சு. இன்னைக்கு எல்லாப் பழியையும் கோவிட் மேல போடறாங்க, ஆனா க்யூ ஏற ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே, இந்த வெட்டு விழுந்த வருஷத்துல.

2021-22-ல சிட்டிங் டே வரம்பையே எடுத்தாங்க, முடிஞ்ச வரைக்கும் உட்காருங்கன்னு. அப்பவும் க்யூ பெருசா குறையல. ஏன்னா நாள் இருந்துச்சு, ஆள் இல்ல. லீகல் எய்டு ஃபீஸ் பத்தலைன்னு கிரிமினல் பாரிஸ்டர்கள் (கோர்ட்ல வாதாடற வக்கீல்கள்) வேலையை விட்டுப் போய்ட்டே இருந்தாங்க, 2022-ல ஸ்ட்ரைக்கே பண்ணாங்க, அக்டோபர்ல 15 சதவீத உயர்வுக்கு ஒத்துக்கிட்டுத் திரும்பினாங்க. லீகல் எய்டு வேற பட்ஜெட், சிட்டிங் டே வேற பட்ஜெட், ஆனா ட்ரையலுக்கு ரெண்டும் ஒரே நாள்ல ஒரே ரூம்ல வேணும்.

அதுக்கப்புறம் வரம்பு திரும்பி வந்துச்சு. 2024-25-க்கு 1,06,500. இன்னும் 6,500 நாள் உட்காரத் தயார்னு நீதிபதிகள் சொன்னாங்க, அப்போதைய லார்ட் சான்சலர் ஷபானா மஹ்மூத் டிசம்பர்ல 2,000 குடுத்து 1,08,500 ஆக்கினார். அடுத்த வருஷம் 1,10,000, அப்புறம் அவருக்கு அடுத்த லார்ட் சான்சலரா டேவிட் லாமி வந்து 1,250 சேர்த்தார். இந்தப் பக்கம் க்யூவைப் பாருங்க: 2024 செப்டம்பர்ல 73,000 சொச்சம், 2025 மார்ச்ல 77,000 கிட்ட, செப்டம்பர்ல கிட்டத்தட்ட 80,000 ஆயிடுச்சு.

சாதனை அளவு நாள் குடுத்தும் க்யூ ஏன் ஏறுதுன்னா, உள்ள வர்ற கேஸ் வெளிய போற கேஸை விட அதிகம், அவ்வளவுதான். கேட்ட 1,13,000-க்கும் குடுத்த 1,10,000-க்கும் 3,000 நாள் வித்தியாசம். ஒரு ட்ரையல் சராசரி 5 நாள்னு வெச்சுக்கிட்டா 600 ட்ரையல். 80,000 முன்னாடி இது சின்ன நம்பர்தான், ஆனா அந்த 600-க்குப் பின்னாடி ஜாமீன் இல்லாம உள்ள இருக்கறவர் இருக்கார், மூணு வருஷமா சாட்சி சொல்லக் காத்திருந்து வேண்டாம்னு விலகிப் போற பெண்ணும் இருக்காங்க.

அப்போ அந்த 3,000 நாளை ஏன் குடுக்கல

ஒரு நாளுக்கு ரெக்கார்டர் ஃபீஸ் மட்டும்தான்னா குடுத்துடலாமேன்னு தோணும். ஆனா ட்ரையல் நடந்தா லீகல் எய்டு பில் வரும், அரசு வக்கீல் செலவு வரும், தண்டனை விழுந்தா சிறைல இடம் வேணும். 2024 செப்டம்பர்ல சிறை நிரம்பிடுச்சுன்னு தண்டனைல 40 சதவீதம் முடிச்சவங்களையே வெளிய விட ஆரம்பிச்சாங்க. அந்த நிலைமைல கோர்ட்டை வேகமா ஓட்டினா ஆளை எங்க வைக்கறது? இதை யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க, ஆனா அமைச்சரோட ஒரு கைல கோர்ட், இன்னொரு கைல சிறை.

இதுக்கு எதிர்வாதமும் உண்டு. ரிமாண்ட்ல, அதாவது தீர்ப்போ தண்டனையோ வராமலே உள்ள இருக்கறவங்க 17,000 பேருக்கு மேல, அதுல நிறைய பேர் கோர்ட் தேதிக்காகக் காத்திருக்கறவங்க, கோர்ட்டை ஓட்டலைன்னா அவங்களும் சிறை இடத்தைத்தான் அடைச்சுக்கிட்டு இருக்காங்க. ஆக நாள் குடுக்காம மிச்சம் பண்ற பணம் வேற பட்ஜெட் வழியா வெளிய போய்டுது. என் கணிப்புல இந்த முழு முறையோட பெரிய ஓட்டை இதான், ஒவ்வொரு பட்ஜெட்டும் தன் கணக்கு டேலி ஆனா போதும்னு நினைக்குது.

ட்ரிப்யூனல்: தப்பு ஒரு துறை, பில் இன்னொரு துறை

செய்தில கிரவுன் கோர்ட்தான் வருது, ஆனா ஈழத்தமிழர்களுக்கு அதிகம் பழக்கமானது குடியேற்ற, அகதி அப்பீல் கேக்கற ட்ரிப்யூனல் பிரிவான இமிக்ரேஷன் அண்ட் அசைலம் சேம்பர்தான். இலங்கைத் தமிழர்களோட அகதி கேஸ்ல இன்னைக்கும் எல்லா வக்கீலும் எடுத்து வைக்கற வழிகாட்டுத் தீர்ப்பு, 2013-ல வந்த ஜிஜே, 2021-ல வந்த கேகே அண்ட் ஆர்எஸ், ரெண்டும் அப்பர் ட்ரிப்யூனல் குடுத்தது. இந்த ட்ரிப்யூனலுக்கான நாளும் அதே கான்கார்டாட் பேரத்துல, அதே பைலேர்ந்துதான். ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை, தேங்கிக் கிடந்த அகதி விண்ணப்பங்களை வேக வேகமா முடிச்சு நிராகரிச்சா அவங்க க்யூ குறைஞ்சுடும், அத்தனையும் அப்பீலா மாறி இங்க வந்து நிக்கும். நடந்ததும் அதான்.

உதவித்தொகை அப்பீல்லயும் இதே கதை. ஊனமுற்றோருக்கான பிப்ங்கற உதவித்தொகையை நிறுத்திட்டாங்கன்னு அப்பீல் போறவங்கள்ல ஹியரிங் வரைக்கும் வர்றவங்க மூணுல ரெண்டு பேர் ஜெயிக்கறாங்க. வழக்கமா அந்த பெஞ்சுல ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், ஊனம் பத்தின அனுபவம் உள்ள ஒரு உறுப்பினர்னு மூணு பேர், மூணு ஃபீஸ். தப்பான முடிவு எடுத்த துறை அந்த ஃபீஸைக் கட்டறதில்ல. புதுச் சட்டம் கொண்டு வர்ற எந்தத் துறையும் ஜஸ்டிஸ் இம்பாக்ட் டெஸ்ட்னு ஒண்ணு எழுதணும், அதனால கோர்ட்டுக்கு எவ்வளவு பாரம்னு. ஆனா அது புதுச் சட்டத்துக்குத்தான், பழைய வேலையை மோசமா செய்யறதுக்கு எந்த டெஸ்ட்டும் இல்ல.

ஃபீஸ் ஏத்தி சமாளிக்கலாமே?

செலவுல ஒரு பங்கு கேஸ் போடறவங்க கட்டற ஃபீஸ்லேர்ந்துதான் வருது, முக்கியமா சிவில், புரோபேட் (உயில், சொத்து) பக்கம். அதையே நீட்டிப் பார்த்தாங்க. 2013 ஜூலைல வேலை தகராறு ட்ரிப்யூனலுக்கு ஃபீஸ் போட்டாங்க, பாரபட்ச கேஸ்னா தாக்கல் பண்ண 250, ஹியரிங்குக்கு 950, மொத்தம் 1,200 பவுண்ட். வேலை போனவங்ககிட்ட. கேஸ் எண்ணிக்கை மூணுல ரெண்டு பங்கு விழுந்துச்சு. யூனிசன் தொழிற்சங்கம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2017 ஜூலை 26-ல அந்த ஃபீஸ் சட்டவிரோதம்னு தீர்ப்பு, கட்டின பணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு. அந்தக் கதவு அதோட பாதி மூடிடுச்சு.

மத்த இடத்துல

ஸ்காட்லாந்துல கோர்ட் நிர்வாகத்தோட போர்டுக்கே தலைமை நீதிபதிதான் சேர்மன். அங்கயும் பணம் அரசாங்கத்துகிட்ட இருந்துதான் வருது, வந்ததுக்கு அப்புறம் எப்படி செலவு பண்றதுங்கறது நீதிபதிகள் கைல. இந்தியால கீழ்க்கோர்ட் செலவு பெரும்பாலும் மாநில அரசோடது, கட்டடத்துக்குப் பொதுவா மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் குடுக்குது. சிட்டிங் டேன்னு ஒரு ரேஷன் இல்ல, இங்க பஞ்சம் நீதிபதி எண்ணிக்கைல.

இனி என்ன

நாளைக் கூட்டிக்கிட்டே போறதால மட்டும் தீராதுன்னு முன்னாள் நீதிபதி சர் பிரையன் லெவிசனோட கமிட்டி 2025 ஜூலைல சொல்லுச்சு, 1,30,000 நாள் வரைக்கும் போகணும், கூடவே சில வகை கேஸ்ல ஜூரியை எடுக்கணும்னு. டிசம்பர்ல டேவிட் லாமி அதுக்கும் ஒரு படி மேல போய் மூணு வருஷமோ அதுக்குக் குறைவாவோ தண்டனை வரக்கூடிய கேஸை நீதிபதி மட்டும் விசாரிக்கற மாதிரி கொண்டு வர்றேன்னு அறிவிச்சார், அதுக்கு அவர் கட்சிக்குள்ளயே எதிர்ப்பு. மாஜிஸ்ட்ரேட்டுகளோட தண்டனை அதிகாரத்தை 2024 நவம்பர்ல 6 மாசத்துலேர்ந்து 12 மாசமாக்கினதும் இதே கணக்குலதான், கிரவுன் கோர்ட்ல சுமார் 2,000 நாள் மிச்சமாகும்னு சொன்னாங்க.

ஜூரி வேணுமா வேண்டாமாங்கறது தனிச் சண்டை, அது நடக்கட்டும். ஆனா ஜூரி இல்லாத கோர்ட்டுக்கும் ஒரு நீதிபதி வேணும், ரூம் வேணும், கிளார்க் வேணும், ரெண்டு பக்கமும் வக்கீல் வேணும், தீர்ப்பைக் காரணத்தோட எழுதறதுக்கு நீதிபதிக்குக் கூடுதல் நேரமும் வேணும். அதுவும் சிட்டிங் டேதான், அதே வருஷாந்திர பேரத்துல அதே பைலேர்ந்து எடுக்க வேண்டியதுதான். அதுக்குன்னு தனியா எத்தனை நாள்ங்கறதை அடுத்தடுத்த மார்ச் அறிவிப்புலதான் தேடணும்.